திருடனிடமே திருப்பிக் கொடுத்த கிரைண்டர்

"சோகம்னா நீ நல்லா எழுதுவம்மா. உங்க வீட்டுக் கதையை அப்படியே எழுதினாலே ஜனம் அழுதுடும். காமெடி... அது உனக்கு வருமா?"

சங்கர் சார் என்னிடம் இப்படிக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். திருச்சி புத்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருக்கிற அறையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் சினிமா வட்டத்துக்கு அவர்தான் மூத்தவர். உலகப் படமெல்லாம் பார்த்தவர். நல்ல மனுஷர். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

எங்கள் வீட்டுக் கதை என்றால் அழுகைதான் என்று இவருக்கு யார் சொன்னது?

தொட்டியம் பக்கம் வாழைத்தோட்டங்களில் தார் வெட்டி, தார் சுமந்து வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. அதில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதை இந்த வாராந்திரப் பத்தியில் அடிக்கடி சொல்கிறேன் என்று உங்களில் சிலருக்குச் சலிப்பு. மன்னிக்கவும், இன்னும் கொஞ்ச நாள் சொல்லுவேன். ஆனால் ஒன்று. அந்த வீட்டில் சோறு குறைந்த நாள் உண்டு. சிரிப்பு குறைந்த நாள் கிடையாது.

காரணம், என் அண்ணன் செல்வம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவன். "ஏண்ணே நின்ன?" என்று கேட்டால், "நானா நின்னேன்? வாத்தியார் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாரு. பெரிய மனசு பண்ணி அவருக்கு விடுதலை குடுத்தேன்" என்பான். அவன் நின்ற வருஷம்தான் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அதைப் பற்றி மட்டும் அவன் ஜோக் அடித்ததே இல்லை.

இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை வைத்திருக்கிறான். அதுதான், அந்தச் சின்ன சரக்கு வண்டி. தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்து திருச்சி மார்க்கெட்டில் இறக்குவான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இன்றைக்கும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

சங்கர் சார் மேல் இருந்த கோபத்தில் ஒரு காமெடிக் குறும்படம் எழுதினேன். எதைச் செய்தாலும் சொதப்புகிற ஒரு திருடனின் கதை. ஸ்கூட்டரைத் திருடப் போவான். வேர்க்க விறுவிறுக்க உதைப்பான். வண்டிக்குச் சொந்தக்காரரே வந்து, "பெட்ரோல் நாப்பைத் திறங்க தம்பி" என்பார். கோயில் வாசலில் செருப்பு திருடுவான். திரும்பிப் பார்த்தால் அவன் செருப்பைக் காணோம். கடைசியில் பட்டப்பகலில் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து, நகை எதுவும் கிடைக்காமல், கிடைத்த ஒரே கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு வருவான்.

கிரைண்டர். பழைய காலத்துக் கல் கிரைண்டர். இரண்டு பேர் சேர்ந்தாலும் திணற வேண்டும்.

தெருவே கூடி அவனைப் பிடிக்கும். அதுதான் கிளைமாக்ஸ்.

திருடனாக நடித்தது கண்ணன். எங்கள் வட்டத்துப் பையன், வங்கியில் வேலை, திருவானைக்காவலில் வீடு. சிவந்த நிறம், பளிச்சென்ற முகம். வட்டத்தில் கொஞ்சமாவது நாடகம் போட்ட ஆள் அவன் ஒருத்தன்தான். வீடு கொடுத்தது சங்கர் சார். அவருடைய அக்கா வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரு குறுகலான சந்தில் இருக்கிறது. அக்கா குடும்பம் பெங்களூர் போயிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் வேறு வேலையாகப் போய்விட்டார். எதிர்வீட்டு மாடி என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடையது. அங்கே ஜன்னலில் என் போனை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். கண்ணனின் பனியனுக்குள் ஒரு சின்ன மைக்.

வண்டிக்கு? அண்ணன்தான். மார்க்கெட்டில் தார் இறக்கிவிட்டு நேராக வந்துவிட்டான்.

தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். யாராவது "ஏய், யாருடா?" என்று கத்தியதும் கண்ணன் ஓட வேண்டும். நான் கீழே இறங்கிப்போய் உண்மையைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு, நன்றி சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

"அண்ணே, யார் என்ன கேட்டாலும் ஷூட்டிங்னு மட்டும் சொல்லிடாத. காட்சியே கெட்டுடும்."

"கழுத்துல கத்தி வெச்சாலும் வாயைத் திறக்க மாட்டேன் பாப்பா. எனக்குத்தான் வசனமே கிடையாதுல்ல?"

சிரித்துக்கொண்டே போய் சந்து முனையில் வண்டியோடு நின்றுகொண்டான்.

கண்ணன் வந்தான். மடித்துக் கட்டிய லுங்கி, கோடு போட்ட பனியன், மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய கர்சீப், கையில் கடப்பாரை. இதைவிடப் பச்சையாக ஒரு திருடன் இருக்க முடியாது. பூட்டில் ஓங்கி ஒரு அடி. ஸ்கிரிப்டில் எழுதியபடியே கடப்பாரை நழுவி அவன் கால் பக்கத்தில் விழுந்தது. கோயில் மணியே அடித்தது போல ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒரு மாமி எட்டிப் பார்த்தார். வருகிறது, அலறல் வருகிறது...

"யாரு? லலிதா ஆத்துக்கு வந்திருக்கேளா? அவா பெங்களூர் போயிருக்காளே."

கண்ணன் இங்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. வாய் தன்னால் வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டது.

"ஆமா மாமி. பூட்டு திறக்க மாட்டேங்கறது."

"மழையில துருப்பிடிச்சிருக்கும். இருங்கோ, எண்ணெய் கொண்டு வரேன். கர்சீப் எதுக்கு, தூசியா?"

"ஆமா மாமி... அலர்ஜி."

"இந்தத் தெருவுல தூசி ஜாஸ்திதான்."

மாடியில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாமி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அந்தப் பக்கம் போன ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "குடுங்க சார், நீங்க கையைப் புண்ணாக்கிக்கப் போறீங்க" என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டார். கண்ணன் பதறிப்போய், "வேணாங்க, எண்ணெய் போட்டதும் இளகிடுச்சு" என்று இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்துவிட்டான். சாவி இருந்தால் கடப்பாரை எதற்கு? அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே போனான். கிரைண்டரை வாசல் வரை இழுத்து வந்தான். எதிரே மர நிழலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "சார், தனியாத் தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்." இருவரும் சேர்ந்து கிரைண்டரைப் படியிலிருந்து தெருவில் இறக்கினார்கள்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோய்விட்டது. பட்டப்பகல். முகமூடி. கடப்பாரை. ஒரு தெரு மொத்தமும் சேர்ந்து ஒரு திருடனுக்குத் திருடிக் கொடுக்கிறது. என் கிளைமாக்ஸ் என்ன ஆவது?

கண்ணன் குழவியை எடுத்து வர உள்ளே போனான். திட்டப்படி அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்து வந்து நிறுத்தினான். இறங்கினான். வண்டித் தளத்தில் சாக்கை விரித்தான். கிரைண்டர் மேல் ஒரு கை வைத்தான்.

"யோவ். யாருய்யா நீ?"

கேட்டது அதே இஸ்திரிக்காரர்தான். அதே குரல். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் குரலில் 'சார்' இருந்தது.

"வண்டியில ஏத்தணுங்க."

"யார் சொன்னா?"

"ஒருத்தர் சொன்னாருங்க."

"எந்த ஒருத்தர்? இது யார் வீடு, சொல்லு."

"தெரியாதுங்க."

உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. ஆட்டோ டிரைவர் குட்டியானைக்குள் கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டார். "எந்த ஊரு?"

"தொட்டியங்க."

"தொட்டியத்துலேர்ந்து கிரைண்டர் திருட இவ்வளவு தூரம் வர்றியா? அங்க யாரும் மாவே அரைக்க மாட்டாங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யாரோ வந்து சேர்ந்தார்கள். பால்காரர், பூக்காரம்மா, சைக்கிளை நிறுத்திய பெரியவர்.

நான் மாடியில் போனின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் சேருவது மட்டும்தான் அதில் தெரிந்தது; மைக் கண்ணனோடு உள்ளே போயிருந்ததால் பேச்சு கேட்கவில்லை, அதெல்லாம் பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரியும். அப்பாடா, கடைசியில் என் காட்சி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு விரலால் திரையை விரித்தேன். கூட்டத்தின் நடுவே ஒரு கட்டம் போட்ட சட்டை. அதன் காலரை யாரோ பிடித்திருந்தார்கள்.

அந்தச் சட்டை, பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

அப்போதுதான் அவன் கன்னத்தில் அறை விழுந்தது. சந்து குறுகல். சத்தம் மாடி வரை கேட்டது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழே போய்ச் சேருவதற்குள் கண்ணன் குழவியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

இஸ்திரிக்காரர் அவனைப் பார்த்துச் சொன்னார்: "சார், நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க கிரைண்டரைத் தூக்கப் பார்த்தான். பிடிச்சு வெச்சிருக்கோம்."

கண்ணன் முகத்தில் இருந்த கர்சீப் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"ஐயோ, அவரை விடுங்க. நான்தான் திருடன்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

"சார் தமாஷ் பண்றாரு."

"இல்லைங்க, நெஜமா. இது என் வீடு இல்ல. நான்தான் திருட வந்தேன். அதோ பாருங்க கடப்பாரை."

"சார், இவனுக்கெல்லாம் பாவம் பார்க்காதீங்க" என்றார் ஆட்டோ டிரைவர். மாமி, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூக்காரம்மாவிடம் சொன்னார்: "பாவம், நல்ல மனசு. காட்டிக்கொடுக்க மனசு வரலை அந்தப் பிள்ளைக்கு."

நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு காட்சியை யாராலாவது எழுத முடியுமா? தான் திருடன் என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்கிறான். அவன் கையில் கடப்பாரை இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யார் கண்ணிலும் அது படவில்லை. என் அண்ணன் கை வெறுங்கை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "அவர் எங்க அண்ணன். இது ஷூட்டிங்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். காலரைப் பிடித்த கை இறங்கவில்லை. கண்ணன், "ஆமாங்க, ஷூட்டிங்தான்" என்றான். கை இறங்கியது.

திருடன் என்று அவன் சொன்னபோது நம்பவில்லை. ஷூட்டிங் என்று நான் சொன்னபோதும் நம்பவில்லை.

அப்புறம் எல்லாம் சட்டென்று மாறிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." "எந்தச் சேனல்ல வரும்?" ஆட்டோ டிரைவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். இஸ்திரிக்காரர் அண்ணனின் காலரை நீவிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. பார்த்தா அப்படித் தெரிஞ்சுது."

"பரவால்லிங்க" என்றான் அண்ணன். கசங்கிய காலரைத் தொட்டுப் பார்த்தான். "அப்படியே இதையும் கொஞ்சம் இஸ்திரி போட்டுக் குடுத்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் இடது கன்னம் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் நிறத்தில் அதெல்லாம் தெரியாது.

திரும்பும்போது குட்டியானையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காவிரிப் பாலம் வந்தது. இடது பக்கம் மலைக்கோட்டை.

"பாப்பா, ரெக்கார்டு ஆச்சா?"

"ஆச்சுண்ணே."

"நான் சொல்லவே இல்லைல்ல?"

"என்னது?"

"ஷூட்டிங்னு. கடைசி வரைக்கும் சொல்லவே இல்லைல்ல?"

பாலம் முடியும் வரை மலைக்கோட்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு. புத்தூர் அறையில் அந்தக் காட்சியைச் சுவரில் போட்டுக் காட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அறை அதிர்ந்தது. மாமி எண்ணெய் கொண்டு வந்ததற்குச் சிரித்தார்கள். "நான்தான் திருடன்" என்று கண்ணன் கெஞ்சியதற்கு ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். சங்கர் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மாடி, நான் சொன்னது தப்பு. உனக்குக் காமெடி வருது."

ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வந்தது. வந்தபோது அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை. ஏனென்றால் அவர்கள் அதிகமாகச் சிரித்தது எதற்குத் தெரியுமா?

அறை விழுந்த இடத்துக்கு.

"என்ன டைமிங் பாரு" என்றார் சங்கர் சார். "அந்த இடத்தை மட்டும் வெட்டிடாத, அதான் ஹைலைட். யாரு அந்த ஆளு, புதுசா? ரொம்ப இயல்பா நடிச்சிருக்காரே."

"எங்க அண்ணன் சார்."

"அப்படியா? நடிப்பு வருதே அவருக்கு."

"நடிக்கலை சார்."

யாரோ, "இருந்தாலும் காட்சி நல்லா வந்திருக்கு" என்றார்கள். முதலிலிருந்தே சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது கண்ணன் ஒருத்தன்தான். கீழே இறங்கி வரும்போது, "எனக்கு இனிமே அந்தச் சந்துப் பக்கம் போகவே கூச்சமா இருக்கு" என்றான்.

தொட்டியத்துக்குப் போனேன். அண்ணன் தோட்டத்தோரம் தார் ஏற்றிக்கொண்டிருந்தான். போனை அவன் கையில் கொடுத்தேன்.

"பார்த்துட்டுச் சொல்லுண்ணே. வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன். படமே இல்லைன்னாலும் பரவால்ல."

வண்டியில் சாய்ந்து நின்று பார்த்தான். கண்ணன் கெஞ்சும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். தன் இடம் வந்ததும் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"என்ன பாப்பா, முட்டுக் குடுத்த வாழை மாதிரி நிக்கிறேன்?"

"அழிச்சிடட்டா?"

"படத்தை அழிக்காத. இந்த இடம் மட்டும் வேணாம். மறுபடி எடு. எனக்கு ஒரு வசனம் குடு." போனைத் திருப்பித் தந்தான். "நாளைக்கு என் பொண்ணு பார்க்கும். 'ஏம்ப்பா, அத்தனை பேர் கேட்டாங்களே, நீ ஒண்ணுமே பேசலையா'ன்னு கேட்கும். என்ன பதில் சொல்றது?"

அவன் பேசாமல் நின்றது எதற்காக என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வரி. எம்.ஏ. படித்தவள், வாராவாரம் பத்தி எழுதுகிறவள், என் அண்ணனுக்கு ஒரு வரி எழுதித் தர மாட்டேனா?

"உழைக்கிறவனைப் பார்த்தா திருடனாத் தெரியுதா உங்களுக்கு?" என்று எழுதிக்கொண்டு போனேன்.

படித்துப் பார்த்தான். "யாரு பேசுறா இது? மைக் பிடிச்சவன் மாதிரி இருக்கே."

வேறு எழுதினேன். நிறத்தைப் பற்றி, உடையைப் பற்றி, நான்கு வரி.

"இது உன் பத்தி. எனக்கு மூச்சு வாங்குது."

இன்னொன்று எழுதினேன். கூட்டத்தைக் கிண்டல் செய்து. அதற்கு அவன் தலையை ஆட்டினான். "அவங்களும் பாவம் பாப்பா. திட்டற மாதிரி வேணாம்."

"அப்போ நீயே சொல்லு" என்றேன், எரிச்சலோடு. அவன் ஒரு தாரைத் தோளில் ஏற்றினான். வண்டிக்கு நடந்தான். இறக்கினான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக, ஒரு வசனம் சொன்னான்.

என் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்தது அந்தச் சந்து. மறுபடி அங்கே போய், அதே மனிதர்களிடம், "அன்னைக்குச் செஞ்சதையே திரும்பச் செய்ங்க" என்று எப்படிக் கேட்பது? கேட்டேன்.

இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். "வரேம்மா. ஆனா என்னைக் கை நீட்டச் சொல்லாதீங்க." கொஞ்சம் தயங்கினார். "கொஞ்ச நாள் முன்னாடி இந்தச் சந்துல ஒரு வீட்டுல செயின் காணாமப் போச்சு. மொதல்ல என்னைத்தான் கேட்டாங்க. என் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாங்க. அப்புறம் அது அவங்க பீரோவுலயே இருந்துச்சு. அதுலேர்ந்து, புதுசா யாரையாவது பார்த்தா... நாம முந்திக்கணும்னு தோணுது."

அன்றைக்கு என் அண்ணனை அறைந்த கை, தன் மேல் பழி விழாமலிருக்க நீண்ட கை. அவர் மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாமிக்குப் போனில் காட்சியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தன் குரல் வந்ததும் நிமிர்ந்தார்.

"நானா இதைச் சொன்னேன்?"

"ஆமா மாமி."

"இன்னொரு தரம் போடு."

போட்டேன். பார்த்து முடித்துப் போனைத் திருப்பித் தந்தார்.

"உங்க அண்ணா காபி சாப்பிடுவாரோ?"

"சாப்பிடுவார் மாமி."

"எனக்கு வேற டயலாக் எழுதாதே. இதையே சொல்றேன். நான் சொன்னதுதானே."

போன ஞாயிறு எடுத்தோம். முதலில் காபி வந்தது, அண்ணனுக்கு. அப்புறம் கண்ணன் கிரைண்டரோடு மல்லுக்கட்டினான். அண்ணன் வண்டியைக் கொண்டு வந்தான். சாக்கை விரித்தான். கை வைத்தான். "யோவ், யாருய்யா நீ?" காலரைப் பிடித்தார்கள். இஸ்திரிக்காரர் கை மேலே போனது, அந்தரத்தில் நின்றது. கண்ணன் குழவியோடு ஓடி வந்து, "நான்தான் திருடன்" என்றான். மாமி, தான் சொன்னதையே சொன்னார்.

எல்லாம் அன்றைக்கு நடந்தது போலவே. ஆனால் இந்தத் தடவை என் அண்ணன் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் மேல பாருங்க. மாடியில என் தங்கச்சி படம் எடுக்குது. கொஞ்சம் சிரிங்க."

அத்தனை முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என் கேமராவைப் பார்த்தது. சிரிக்க வேண்டும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒருவராலும் முடியவில்லை. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இஸ்திரிக்காரர் விழித்தார். மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். திரையில் சிரித்த முகம் ஒன்றே ஒன்றுதான். வசனம் சொன்னவன் முகம்.

அதோடு படம் முடிகிறது.

படத்தை வெட்டி ஒட்டி முடித்துவிட்டேன். பழைய காட்சியைப் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். டைட்டிலில் 'வசனம்' என்று போட்டு முதலில் செல்வம், அதற்குக் கீழே என் பெயர். அண்ணனுக்கு அனுப்பினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போன் செய்தான். "ஏன் பாப்பா, ஒத்தை வரிக்கு இவ்வளவு பெரிய எழுத்தா?" என்றான். குரலில் சிரிப்பு தெரிந்தது. அப்புறம், "என் பொண்ணு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்குது" என்றான்.

இந்தப் பத்தியை எழுத உட்காருவதற்கு முன் சங்கர் சாருக்கும் படத்தை அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வரி: "எங்க வீட்டுக் கதைதான் சார்."

இரண்டு நீலக் குறி விழுந்து வெகுநேரமாகிறது. சிரிக்கிற பொம்மையும் வரவில்லை, அழுகிற பொம்மையும் வரவில்லை. எதைப் போடுவது என்று யோசிக்கிறார் போல.